மலையேறிய மதுவம்

நுவரெலியாவின் பழைய பியர்த் தொழிற்சாலையைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் சேர் சாமுவேல் பேக்கரிலிருந்து தொடங்குவார்கள். வேட்டைக்காரர், ஆபிரிக்காவில் நைல் நதியின் மூலத்தைத் தேடிப் போனவர், நூல்கள் எழுதியவர் என்பதால் கதைக்கு வசதியான மனிதர். நான் அவரைவிட மிகச் சிறியதோர் உயிரிலிருந்து தொடங்க விரும்புகிறேன். பாடப்புத்தகத்தில் மதுவம் என்று படித்து, கடையில் ஈஸ்ட் என்று கேட்டு வாங்குகிறோமே, அந்த ஒற்றைக்கல பங்கசு.

பியர் என்பது அடிப்படையில் முளைக்கவைத்து உலர்த்திய வாற்கோதுமையின் இனிப்புச் சாறு. அதை மதுவாக்குவது மனிதனல்லன், மதுவமே. சீனி தீர்ந்ததும் அது உடனே மடிந்துவிடுவதில்லை. பாத்திரத்தின் அடியில் மண்டியாகப் படிந்து உறங்கத் தொடங்குகிறது. அந்த உறக்கம் எவ்வளவு காலம் நீடிக்கும் என்பதுதான் இக்கட்டுரையின் விடயம்.

பேக்கர் 1848 இல் நுவரெலியாவில் ஓர் ஆங்கிலக் கிராமத்தை உருவாக்கும் எண்ணத்துடன் குடியேறியவர். மாடு, ஆடு, வேட்டை நாய், கொல்லன், குதிரைக்காரன் என ஒரு சிறு இங்கிலாந்தையே றம்பொடைக் கணவாய் வழியாக மலையேற்றினார். 1849 இல் அவர் பியர் வடிக்கத் தொடங்கியதாகச் சொல்லப்படுகிறது. சிலோன் புருவரி என்ற கம்பனியின் ஆண்டாகக் குறிப்பிடப்படுவது 1881. இரண்டையும் குழப்பி, 1881 இல் பேக்கர் கம்பனியை நிறுவினார் என்று எழுதுவோரும் உண்டு. அவரோ 1855 இலேயே இலங்கைக் குடியிருப்பைக் கைவிட்டுப் போய்விட்டார். ஒருவர் எழுதியதை மற்றவர் பிரதி செய்யும் நமது பழக்கத்துக்கு இதுவும் ஓர் உதாரணம்.

மலையுச்சியில் எதற்குப் பியர்த் தொழிற்சாலை? குளிரூட்டும் இயந்திரம் பரவலாகாத காலம் அது. ஆங்கில வகை பியருக்குரிய மதுவம் ஏறத்தாழ 15 முதல் 20 பாகை செல்சியஸ் வரையிலான வெப்பத்திலேயே நல்ல சுவையைத் தரும். கொழும்பின் வெக்கையில் அது வெறிபிடித்தாற்போல் நொதிக்கும். கெடுக்கும் பற்றீரியாக்களும் கூடவே பெருகும். ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் அந்தக் குளிர் இலவசமாகக் கிடைத்தது. இந்தியாவில் 1855 இல் கசௌலியிலும் 1860 இல் மறீயிலும் ஆங்கிலேயர் மலையேறிப் பியர் வடித்ததற்கும் காரணம் இதுவே.

இலவசக் குளிருக்கு அவர்கள் கொடுத்த விலை போக்குவரத்து. வாற்கோதுமையும் ஹொப்ஸ் என்ற கசப்புப் பூவும் கப்பலில் வந்தன. முதலில் மாட்டுவண்டி. 1884 இல் ஹட்டனையும் 1885 இல் நானுஓயாவையும் புகையிரதம் எட்டிய பின்னர் வட்டவளை, றொசல்ல, ஹட்டன் என்று வளைந்தேறும் இருப்புப்பாதையே மலைக்குச் செல்லும் சரக்குகளின் பெருவழியாயிற்று. தோட்டத்துக்கு அரிசியும் அதே பாதையில்தான் ஏறியது. தேயிலைப் பெட்டிகள் அதே பாதையில் இறங்கின.

மூட்டையில் வரும் பொருளுக்கு வயதில்லை. மதுவத்துக்கு உண்டு. பழைய ஆங்கில முறையில், நொதிக்கும் பியரின் மேலே திரளும் நுரையை வழித்தெடுத்து அடுத்த தொட்டியில் இடுவார்கள். அதன் நுரை அதற்கடுத்ததற்கு. இப்படித் தொட்டி தொட்டியாக ஒரே குடும்பம் தொடரும். வழித்தெடுக்கும் கை ஒரு நாள் அசுத்தமாக இருந்தால் அந்த வம்சமே கெடும். இந்த வேலையைச் செய்த கைகளுக்குரியவர்களின் பெயரை நான் படித்த எந்தக் கம்பனி வரலாற்றிலும் கண்டதில்லை. பேக்கரின் பெயர் மட்டும் எல்லாவற்றிலும் இருக்கிறது.

1881 என்ற ஆண்டில் ஒரு சுவையான பொருத்தம் இருக்கிறது. பியர் கெடுவதற்கு நுண்ணுயிர்களே காரணம் என்பதை விளக்கிய லூயி பாஸ்டரின் நூல் வெளிவந்தது 1876 இல். கொப்பன்ஹேகனில் கார்ல்ஸ்பேர்க் ஆய்வுகூடத்தின் எமில் கிறிஸ்டியன் ஹான்சன், ஒரேயொரு கலத்திலிருந்து தூய மதுவத்தை வளர்த்துப் பியர் வடித்துக் காட்டியது 1883 இல். ஆக, நுவரெலியாக் கம்பனி பிறந்தபோது உலகில் எந்தப் பியர்த் தொழிற்சாலையிடமும் தூய மதுவம் இருக்கவில்லை. கார்ல்ஸ்பேர்க் தன் கண்டுபிடிப்பைப் பூட்டிவைக்காமல் பிற தொழிற்சாலைகளுக்கும் கொடுத்தது. பின்னாளில் அதே கார்ல்ஸ்பேர்க் நமது சிங்க முத்திரைப் பியர்க் கம்பனியில் பங்காளியாக வந்தது. 1990களின் பிற்பகுதியில் உற்பத்தி நுவரெலியாவிலிருந்து பியகமவுக்கு இறங்கியது. இயந்திரக் குளிர் வந்துவிட்ட பின்னர் மலைக்கு அவசியமில்லை.

மலையில் வடிக்கப்பட்ட கறுப்பு ஸ்டௌட்டை உலகுக்கு அறிமுகப்படுத்தியவர்களுள் முக்கியமானவர் ஆங்கிலேயப் பியர் எழுத்தாளர் மைக்கேல் ஜாக்சன். பாடகர் அல்லர், இவர் 2007 இல் காலமானார். வெப்பமண்டலத்தின் நடுவே, கரடுமுரடான மலைப்பாதையில் ஏற்றிச் செல்லப்பட்ட ஆங்கில மரபு மதுவத்தால் அப்பியர் நொதிக்கப்பட்டது அவரை வியக்கவைத்தது.

இனி, உறங்கும் மதுவத்தை எழுப்பும் கலை. மேலைநாடுகளில் வீட்டில் பியர் வடிப்பவர்கள் திரவ மதுவத்தைப் பையில் வாங்குவார்கள். குளிர்சாதனப் பெட்டியில் வைத்தாலும் மாதந்தோறும் கலங்கள் மடியும். காலாவதித் திகதி கடந்து ஓராண்டு போனால் மிகச் சிலவே எஞ்சும். அவற்றை அப்படியே இருபது லீற்றர் சாற்றில் கொட்டினால், மதுவம் கண்விழிப்பதற்குள் பற்றீரியா விருந்துண்டுவிடும். ஆகவே நோயாளிக்குக் கஞ்சி கொடுப்பதுபோலத் தொடங்க வேண்டும். ஒரு லீற்றர் தண்ணீருக்கு நூறு கிராமுக்கு மேற்படாத முளைத்தானியச் சாற்றுத்தூள். கொதிக்கவைத்து, ஆறவிட்டு, அதில் ஓரிரு நூறு மில்லிலீற்றரை மட்டும் கிருமிநீக்கிய குடுவையில் எடுத்து மண்டியைச் சேர்க்க வேண்டும். காற்றுக்காக அவ்வப்போது குலுக்க வேண்டும். ஒரு நாளில் கலங்கலாம், ஒரு வாரமும் ஆகலாம். நுரை தோன்றி அடியில் புதிய வெண்படலம் படிந்தால் அடுத்த பெரிய குடுவை. பாண் மணம் வந்தால் நல்லது. விநாகிரி மணமோ அழுகல் மணமோ வந்தால் கொட்டிவிட வேண்டியதுதான். ஆய்வுகூடக்காரர் மெதிலீன் நீலச் சாயமிட்டு நுணுக்குக்காட்டியில் பார்ப்பர். இறந்த கலம் நீலமாகும், உயிருள்ளது நிறமேறாது.

ஓராண்டு என்ன, நூறாண்டும் தாண்டியிருக்கிறார்கள். 2013 இல் கார்ல்ஸ்பேர்க்கின் பழைய நிலவறையில் கிடைத்த, ஹான்சன் காலத்துப் போத்தலொன்றிலிருந்து உயிர்க்கலங்களை எடுத்து, 2016 இல் அந்தப் பியரையே மீள வடித்தனர். எனக்கு அதைவிட நெருக்கமாகத் தோன்றுவது சிட்னி கோவ் கப்பலின் கதை. 1796 இல் கல்கத்தாவிலிருந்து சிட்னிக்குச் சரக்கேற்றிப் புறப்பட்ட அக்கப்பல் 1797 இல் தஸ்மேனியாவுக்கு அருகே சிதைந்தது. 1990களில் சுழியோடிகள் அதன் போத்தல்களை மேலே கொண்டுவந்தனர். அவற்றில் ஒன்றிலிருந்து, அரும்பொருட் பாதுகாப்பாளர் டேவிட் தரோகூட் மதுவத்தை உயிர்ப்பித்தார். 2018 இல் அதில் வடித்த பியர் விற்பனைக்கும் வந்தது. இத்தகைய போத்தலில் உயிர்ப்பது பழைய மதுவமா, திறந்தபோது புகுந்த புதியதா என்ற ஐயம் நியாயமானது. அதற்காகத்தான் மரபணுவைச் சோதிக்கிறார்கள்.

அக்கப்பலிலிருந்து உதவி தேடிப் படகில் கிளம்பியவர்கள் 17 பேர். அவர்களுள் 12 பேர் லஸ்கார்கள், அதாவது இந்திய மாலுமிகள். படகும் உடையவே, கரையோரமாக நூற்றுக்கணக்கான மைல் நடந்தார்கள். சிட்னியை அடைந்தவர் மூவர். அதில் ஒருவர் லஸ்கார். கப்பலின் மதுவத்துக்கு இன்று மரபணு வரிசை இருக்கிறது.

மலையகத்தில் இன்னொரு மதுவ வரலாறும் உண்டு. துரைமாரின் பங்களாவுக்குப் பியர். லயத்துக்குத் தவறணைச் சாராயமும் கள்ளும். 1912 இன் மதுவரிக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதியின்றி மது வடிப்பது குற்றம். ஆயினும் சீனியும் பேக்கரி ஈஸ்டும் கலந்து புதைத்து வடிக்கும் கசிப்பு எத்தனையோ தோட்டக் குடும்பங்களைச் சீரழித்தது. ஈஸ்ட் ஒன்றுதான், ஒருவருக்குப் பாரம்பரியம், மற்றவருக்கு வழக்கு. கித்துள் கள்ளில் தானாக வந்து குடியேறும் மதுவத்தையோ, அப்பமாவைப் புளிக்கவைக்கக் கள்ளைச் சேர்த்த நமது அம்மாமாரின் கைப்பக்குவத்தையோ கம்பனி வரலாறுகள் எழுதாதது வியப்பல்ல.

கோப்பி இலைநோயை ஆராய 1880 இல் இலங்கை வந்த ஹரி மார்ஷல் வோர்ட், ஊர் திரும்பிய பின் இஞ்சிப் பியரைப் புளிக்கவைக்கும் கட்டிகளை ஆராய்ந்தார். அது ஒரு மதுவமும் ஒரு பற்றீரியாவும் சேர்ந்து நடத்தும் கூட்டுக்குடும்பம் என 1892 இல் நிறுவினார். வீட்டுக்கு வீடு கைமாறிவந்த அந்தச் சாதாரணப் பொருள் விஞ்ஞான ஏட்டில் ஏறியது அப்படித்தான்.

பழைய தோட்ட பங்களாக்களின் களஞ்சியங்களில் எங்கேனும் மூடி திறக்கப்படாத நுவரெலியா ஸ்டௌட் போத்தல் இருந்து, அடியில் மண்டியும் தெரிந்தால், அதைக் கழுவி அலுமாரியில் அழகுக்கு வைத்துவிடாதீர்கள். திறக்கவும் வேண்டாம், குலுக்கவும் வேண்டாம். நிமிர்த்தி, இருட்டில், குளிரில் வைத்துவிட்டுப் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் நுண்ணுயிரியல் படிப்பிப்பவர் யாரையாவது விசாரியுங்கள். போத்தல் எந்தத் தோட்டத்தில், யாருடைய கையில் இருந்தது என்பதையும் ஒரு தாளில் எழுதிக் கழுத்தில் கட்டிவிடுங்கள்.