இருளர் குருதி எவர் குருதி?

ஆரணி என்றால் பட்டு. கமண்டல நாகநதிக் கரையிலே, விடிந்தது முதல் தறியோசை கேட்கும் ஊர். அங்கே நெசவாளித் தோழர் ஒருவரிடம் சேலையொன்றைக் கொடுத்து, இதிலே பாவு எது, ஊடை எது, சரிகை எங்கே ஓடுகிறது என்று கேட்டுப் பாருங்கள். விரலால் தடவியே சொல்லிவிடுவார். துணியை மதிப்பிட வந்தவன் இழையைப் பார்க்கிறான். மனிதனை மதிப்பிட வந்தவனோ, இழையைப் பாராமல் குலத்தைக் கேட்டான்; மூக்கை அளந்தான்; சான்றிதழ் எங்கே என்றான்!

எவருடைய மூக்கை? எவருடைய சான்றிதழை?

ஊரை விட்டு வெளியேறி, வடமாவட்டங்களின் ஏரிக்கரைகளைப் பாருங்கள். ஊருக்கும் சேராமல் சேரிக்கும் சேராமல், புறம்போக்கு நிலத்திலே சில குடிசைகள். அறுத்த வயலில் எலி வளையை வெட்டி, எலியையும் அது பதுக்கிய நெல்லையும் எடுத்து உலை வைப்போர். மண்ணிலே பதிந்த தடம் கண்டு, போனது நல்ல பாம்பா விரியனா என்று சொல்வோர். நோய்க்குப் பச்சிலை அறிந்தோர். இருளர் என்பது அவர்தம் பெயர். வில்லியர் என்றும் சில பக்கங்களில் வழங்குவர். 2011ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி தமிழ்நாட்டில் அவர்கள் 1 லட்சத்து 89 ஆயிரத்துக்கு மேற்பட்டோர். நீலகிரிக் காட்டில் வாழ்வோர் உண்டு. ஆனால் பெரும்பகுதியினர் இந்தச் சமவெளியில்தான், நம் கண்ணெதிரே இருக்கின்றனர். கண்ணெதிரே இருந்தும் காணப்படாதவர்!

இவர்கள் யார் என்ற கேள்விக்கு வெள்ளையர் ஆட்சியிலே விடை தேடியவர்கள் கையில் கருவியோடு வந்தனர். 1885 முதல் 1908 வரை சென்னை அருங்காட்சியகத்தின் தலைவராயிருந்த எட்கர் தர்ஸ்டன், இருளர், குறும்பர், பார்ப்பனர் என்று பேதமின்றி எல்லோர் மூக்கையும் அளந்தார். (இந்த ஒரு காரியத்தில்தான் அன்று சமத்துவம் நிலவியது!) 1909ஆம் ஆண்டு ஏழு பெருந்தொகுதிகளாக அவர் நூல் வெளிவந்தது. அவர் திரட்டிய செய்திகள் இன்றும் பயன் தருகின்றன. அளந்த மூக்குகள் பயன் தரவில்லை. வங்கத்தில் ரிஸ்லி என்பார் இன்னும் ஒருபடி மேலே போனார். மூக்கின் அகலம் குறையக் குறையச் சாதியின் உயரம் கூடுகிறது என்று எழுதினார். வருணாசிரமத்துக்கு வேதம் போதாதென்று விஞ்ஞானத்தின் பெயராலும் ஒரு சீட்டு! அந்தச் சீட்டை ஆய்வுலகம் என்றோ கிழித்தெறிந்துவிட்டது.

மூக்கு போகட்டும், நாக்கு என்ன சொல்லுகிறது? கால்டுவெல், தம் ஒப்பிலக்கணத்தின் 1875ஆம் ஆண்டுப் பதிப்பிலே திராவிட மொழிகள் பன்னிரண்டு என்றார். திருந்திய மொழிகள் ஆறு, திருந்தா மொழிகள் ஆறு என்று வகுத்து, தோடர் மொழிக்கும் கோத்தர் மொழிக்கும் இடந்தந்தார். இருளர் மொழி அப்பட்டியலில் இல்லை. கொச்சைத் தமிழ், குளறுபடித் தமிழ் என்றே நெடுநாள் அதை ஒதுக்கினர். 1968இல் ஜெரார்டு டிஃப்லோத் என்பவர் அமெரிக்கப் பல்கலைக்கழகமொன்றில், தமிழுக்கு நெருங்கிய உறவுடைய தனிமொழி என்று இதனை ஆராய்ந்தார். 1973 முதல் செக் நாட்டறிஞர் கமில் சுவெலபில் இம்மொழி பற்றி நூல்களே எழுதினார். நீலகிரி இருளர் பேச்சிலே, நாவின் நடுப்பகுதியை எழுப்பி ஒலிக்கும் உயிரொலிகள் உண்டு. நம் நெடுங்கணக்கிலே அவற்றுக்கு எழுத்தே கிடையாது. கொச்சை என்றோமே, அந்தக் கொச்சையை எழுத நம் பன்னிரண்டு உயிர் போதவில்லை!

ஆனால் ஆரணிச் சீமை போன்ற சமவெளிப் பகுதிகளில் இருளர் பேசுவது தமிழ்தான். தனிமொழி பேசுவோர் மலைப்பக்கம் சில ஆயிரம் பேரே. சமவெளியில் நில உடைமையாளரிடம் கூலிக்கு நின்ற தலைமுறைகள், எசமானன் மொழியையே தம் மொழியாகக் கொண்டன. வடக்கிலிருந்து வந்த சௌராட்டிர நெசவாளர் பல நூற்றாண்டு கடந்தும் வீட்டில் தம் மொழியைக் காத்தனர். கையில் தறி இருந்தது, தெருவென்று ஒன்று இருந்தது, சங்கம் இருந்தது. ஏரிக்கரையிலே ஐந்து குடிசையும் ஆறு குடிசையுமாகச் சிதறியவன் மொழியை எங்கே வைத்துக் காப்பான்?

இனி, இழைக்கு வருவோம். அளவுகோலை விட்டுவிட்டு, குருதியிலும் உமிழ்நீரிலும் உள்ள மரபணுவை இன்று படிக்கிறார்கள். 2016இல் வெளியான உலகளாவிய ஆய்வொன்று, 142 மக்கட் குழுக்களைச் சேர்ந்த 300 பேரின் மரபணு முழுவதையும் படித்தது. அந்த 142இல் இருளரும் ஒரு குழுவினர். உலக மாந்தனின் கதையைப் படிக்க இருளர் குருதி வேண்டியிருந்தது!

கிடைத்த செய்தி என்ன? 2009, 2013, 2019ஆம் ஆண்டுகளின் பேராய்வுகள் சொல்லுவது இது. மிகப் பழங்காலத்தில் இம்மண்ணில் வேட்டையாடி வாழ்ந்தோர் ஒரு மரபு. சிந்துவெளி மக்களிடம் மிகுந்து காணப்படும், ஈரானியப் பழங்குடியோடு தொடர்புடையது இன்னொரு மரபு. இவ்விரண்டும் நம்மில் ஏறத்தாழ எல்லோரிடமும் பாவும் ஊடையுமாக ஓடுகின்றன. புல்வெளி நாட்டிலிருந்து பின்னால் வந்த மூன்றாம் மரபு, வடக்கே மிகுதி; தெற்கே பார்ப்பனரிடம் கூடுதல், ஏனையோரிடம் சரிகைபோல் சொற்பம், சிலரிடம் இல்லவே இல்லை. தென்னாட்டுப் பழங்குடிகளிடம் முதல் மரபின் பங்கு மிகுந்திருக்கிறது. அவ்வளவே வேறுபாடு! இழை ஒன்றுதான், எண்ணிக்கைதான் வேறு. ஆரணியில் பட்டு நெய்பவன் உடலிலும், அதை உடுத்தி மணவறை ஏறுபவள் உடலிலும், ஏரிக்கரையில் எலி பிடிப்பவனின் மூதாதை இருக்கிறான். தூய குருதி என்று மார்தட்ட எவனுக்கும் இடமில்லை. தூய திராவிடக் குருதி என்று நாம் தட்டவும் இடமில்லை.

அந்தக் கலப்பு ஏறத்தாழ 4,200 ஆண்டுகளுக்கு முன் தொடங்கி 1,900 ஆண்டுகளுக்கு முன்வரை நடந்ததாக 2013ஆம் ஆண்டு ஆய்வு கணக்கிட்டது. பிறகு நின்றது. ஏன் நின்றது? அகமணம்! சாதிக்குள்ளேயே கொள்வினை கொடுப்பினை என்ற கதவடைப்பு.

இங்கே நமக்குக் கசப்பான ஒரு செய்தியும் உண்டு. அதை மறைத்தால் பகுத்தறிவு என்ற சொல்லை நாம் உச்சரிக்கத் தகுதியற்றவராவோம். 2012இல், பேராசிரியர் இராமசாமி பிச்சப்பனும் பங்குகொண்ட ஆய்வு, தமிழ்நாட்டின் 12 பழங்குடிகளையும் 19 பிற சமூகங்களையும் சேர்ந்த 1,680 ஆடவரின் தந்தைவழி மரபைப் பார்த்தது. காட்டில் உணவு தேடியோர், புன்செய் உழுதோர் என்று பிழைப்பு வழியே மக்கள் பிரிந்தது 4,000 முதல் 6,000 ஆண்டுகளுக்கு முன் என்றும், வருண முறை இங்கு வருமுன்பே அப்பிரிவு ஏற்பட்டுவிட்டது என்றும் அது கூறிற்று. தந்தைவழிக் கணக்கும் முழு மரபணுக் கணக்கும் ஆண்டுக்கு ஆண்டு பொருந்தா. அது ஆய்வாளர் தீர்க்க வேண்டியது. நாம் எண்ண வேண்டியது வேறு. ஆரியம் வந்து சாதி தந்தது, அதற்குமுன் நாமெல்லாம் ஒரு தாய் மக்கள் என்று மேடையிலே முழங்கினோம். சுவருக்குச் சாந்து பூசி, சாத்திரம் எழுதி, அதன்மேல் கடவுளை உட்கார வைத்தது வருணாசிரமம்; ஐயமில்லை. அடிக்கல்லை இட்டவன்? ஏர் பிடித்த கை, காட்டிலே வளை தோண்டிய கையை அயலாக்கியபோது, மனு இங்கே வந்திருக்கவில்லை.

கண்ணப்பனை நாயன்மாராக்கிக் கோயிலில் நிறுத்தினோம். வேடுவன் வழிவந்தோன் வாசலில் நின்றால், எட்டி நில் என்றோம். 1976இல் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்தது. 43 ஆண்டுகள் சென்று, 2019 ஜூலையில், காஞ்சிபுரம், வேலூர் மாவட்டங்களின் விறகு வெட்டும் களங்களிலிருந்து 42 பேரை மீட்டனர், இருளர் குடும்பங்கள். முதியவர் ஒருவர் மீட்க வந்த அதிகாரியின் காலில் விழுந்த காட்சியை நாடே பார்த்தது. அதே இருளரில் பாம்பு பிடிப்போர் 1978இல் வடநெம்மேலியில் கூட்டுறவுச் சங்கம் அமைத்து, நாட்டுக்கே விடமுறி மருந்து செய்ய நஞ்சு தருகின்றனர்; அவர்களில் இருவர் 2023இல் பத்மஸ்ரீ பெற்றனர்.

இத்தகையோரிடம்தான் சான்று கேட்கிறோம். பழங்குடிச் சான்றிதழ் வேண்டுமானால் கோட்டாட்சியர் விசாரணை. 1965ஆம் ஆண்டின் லோகூர் குழு, பழங்குடியை அறிய ஐந்து அடையாளம் வகுத்தது: தொன்மைக் கூறு, தனிப்பண்பாடு, ஒதுங்கிய வாழிடம், பிறரோடு பழகக் கூச்சம், பின்தங்கிய நிலை. சட்டை அணிந்து, தமிழ் பேசி, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்ப விண்ணப்பத்தோடு வரும் இருளப் பெண்ணிடம் கூச்சத்தைத் தேடுவது எங்ஙனம்? கூசாமல் வந்ததே குற்றமா? மொழியைப் பறித்துக்கொண்டு, உன் மொழியைப் பேசிக் காட்டு என்பதா? பழக்கவழக்கப் பொருத்தம் பார்ப்பது மட்டுமே முடிவான சோதனை ஆகாது என்று உச்சநீதிமன்றமும் 2023 மார்ச்சில் தீர்ப்பளித்துவிட்டது.

அதற்குப் பின்னும் ஐயம் தீராத அலுவலர், மாசி மகத்தன்று மாமல்லபுரம் கடற்கரைக்குப் போகலாம். கன்னியம்மனைக் கும்பிடச் சொல்லவில்லை. அது நம் வேலையன்று. பல மாவட்டங்களிலிருந்தும் வந்த இருளர் அங்கே மணலில் இரவு தங்கியிருப்பர். விடியலில் அக்கடலோரத்திலேயே, புரோகிதனில்லாமல், மணமக்களைச் சேர்த்து வைப்பர்.