பள்ளி இறுதித் தேர்வில் ஆங்கிலம்: மெட்ரிகுலேஷன் முதல் பத்தாம் வகுப்பு வரை

பள்ளிப் படிப்பின் முடிவில் எழுதும் பொதுத்தேர்வில் ஆங்கிலம் ஒரு கட்டாயப் பாடமாக இருப்பது தமிழகத்தில் ஒன்றரை நூற்றாண்டைக் கடந்த வழக்கம். செய்யுள், உரைநடை, சொற்களஞ்சியம், இலக்கணம், கட்டுரை என்ற ஐந்து பகுதிகளாக மாணவர் இன்று பயிற்சி செய்யும் அமைப்பு ஒரே நாளில் உருவானது அல்ல. ஒவ்வொரு பகுதியும் ஒவ்வொரு காலத்தில், ஒவ்வொரு தேவைக்காக வந்து சேர்ந்தது. தேர்வு எதைக் கேட்டதோ அதையே வகுப்பறை கற்பித்தது என்பது இவ்வரலாறு முழுவதும் காணப்படும் செய்தி.

தொடக்கம்

1835ஆம் ஆண்டு பிப்ரவரி 2ஆம் நாள் தாமஸ் பாபிங்டன் மெக்காலே தமது கல்விக் குறிப்பை எழுதினார். அரசு கல்விக்குச் செலவிடும் பணத்தை ஆங்கிலக் கல்விக்கே செலவிட வேண்டும் என்பது அதன் சாரம். அடுத்த மாதமே கவர்னர் ஜெனரல் வில்லியம் பெண்டிங் அதை ஏற்று ஆணையிட்டார். 1844இல் ஹார்டிஞ்ச் பிரபு, அரசு வேலைகளில் ஆங்கிலக் கல்வி பெற்றவர்களுக்கு முன்னுரிமை என்று அறிவித்தார். ஆங்கிலம் படித்தால் உத்தியோகம் என்ற எண்ணம் மக்கள் மனத்தில் வேரூன்றியதற்கு இந்த அறிவிப்பு ஒரு முக்கியக் காரணம்.

சென்னையில் 1841இல் அரசு உயர்நிலைப் பள்ளி தொடங்கப்பட்டது. பின்னாளில் மாநிலக் கல்லூரியாக வளர்ந்தது அதுவே. 1842இல் பச்சையப்பன் அறக்கட்டளையின் பள்ளி தொடங்கியது. 1854இல் வெளியான சார்லஸ் வுட்டின் கல்வி அறிக்கை, இந்தியாவில் பல்கலைக்கழகங்கள் அமைக்க வழி செய்தது. அதன்படி 1857 செப்டம்பர் 5ஆம் நாள் சென்னைப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது.

மெட்ரிகுலேஷன் தேர்வு

பல்கலைக்கழகம் தோன்றியதும் அதில் நுழைவதற்கான மெட்ரிகுலேஷன் தேர்வும் தோன்றியது. பெயரளவில் இது கல்லூரியின் நுழைவாயில். நடைமுறையில் பள்ளிகள் அனைத்துக்கும் இதுவே இறுதித் தேர்வு. ஆங்கிலம் அப்போது பாடமாகவும் பயிற்றுமொழியாகவும் இருந்தது. கணக்கையும் வரலாற்றையும் மாணவர் ஆங்கிலத்திலேயே எழுதினர். ஆங்கிலம் வராதவருக்குத் தெரிந்த கணக்கும் பயன்படாமல் போனது.

கோல்ட்ஸ்மித், கவுப்பர், அடிசன், ஸ்காட் போன்ற எழுத்தாளர்களின் நூல்களே அக்காலப் பாடங்கள். ஆங்கில இலக்கியம் இங்கிலாந்தின் கல்வி நிலையங்களில் முறையான பாடமாக நிலைபெறுவதற்கு முன்பே இந்தியாவில் பாடமாகிவிட்டது என்பதை ஆய்வாளர் கௌரி விஸ்வநாதன் 1989இல் வெளியான தமது நூலில் விளக்கியுள்ளார். ஆங்கிலேயப் பண்பாட்டின் மீது மதிப்பை ஏற்படுத்தும் கருவியாக இலக்கியம் கருதப்பட்டது என்பது அவர் முடிவு.

இந்தப் பாடங்களைப் புரிந்துகொள்வது எளிதாக இல்லை. பனி விழும் நிலத்தையும் காணாத பூக்களையும் பற்றிய கவிதைகளைத் தஞ்சை மாவட்டத்துச் சிறுவன் படிக்க வேண்டியிருந்தது. எனவே உரைநூல்கள் பெருகின. மேக்மில்லன் நிறுவனம் இந்திய மாணவர்களுக்கென்றே முன்னுரையும் குறிப்புகளும் சேர்த்து ஆங்கில இலக்கிய நூல்களைப் பதிப்பித்தது. மூல நூலை விட்டுவிட்டுக் குறிப்பை மனப்பாடம் செய்யும் பழக்கம் அந்நாளிலேயே தொடங்கிவிட்டது. இன்றைய 'நோட்ஸ்', 'கைடு' ஆகியவற்றின் முன்னோடிகள் இவையே.

ஒரு பாடத்தில் தவறியவர்கள்

அக்காலத் தேர்வு முறையில் ஒவ்வொரு கட்டாயப் பாடத்திலும் தேற வேண்டும். ஒன்றில் தவறினாலும் தேர்வு முழுவதும் தோல்விதான். இதற்கு மிகவும் அறியப்பட்ட எடுத்துக்காட்டு கணித மேதை சீனிவாச ராமானுஜன். அவர் 1903இல் கும்பகோணத்திலிருந்து மெட்ரிகுலேஷன் தேர்வில் வெற்றி பெற்று, 1904இல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையுடன் சேர்ந்தார். ஆனால் ஆங்கிலத்தில் தவறியதால் உதவித்தொகையை இழந்தார். பின்னர் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் எஃப்.ஏ. தேர்வில் அவரால் தேற முடியவில்லை. கணக்கில் அவருக்கு இணை இல்லை. ஆயினும் பிற பாடங்களின் கதவு அவருக்குத் திறக்கவில்லை.

ராமானுஜன் கடைசியில் கேம்பிரிட்ஜ் சென்றார். அவரைப் போன்ற வாய்ப்புக் கிடைக்காமல், 'மெட்ரிகுலேஷன் ஃபெயில்' என்ற அடையாளத்தோடு கணக்குப்பிள்ளையாகவும் கடை எழுத்தராகவும் வாழ்ந்து முடித்தவர்கள் பலர். ஆங்கிலப் பள்ளியில் பயின்ற பாரதியார், தம் வாழ்க்கையைப் பாடிய கவிதையில், அந்தக் கல்வியால் தந்தைக்குப் பொருட்செலவும் தமக்குத் தீங்குமே விளைந்தன என்று வருந்துகிறார்.

எஸ்.எஸ்.எல்.சி.யின் வருகை

ஒரே தேர்வை வைத்து மாணவரை எடைபோடுவது சரியல்ல என்ற குறை வலுத்ததால், சென்னை மாகாணத்தில் 1911 முதல் மெட்ரிகுலேஷனுக்குப் பதிலாக எஸ்.எஸ்.எல்.சி. எனப்படும் பள்ளி இறுதிச் சான்றிதழ் முறை வந்தது. பொதுத்தேர்வு மதிப்பெண்ணோடு பள்ளியில் பெற்ற மதிப்பெண்களும் இதில் பதிவாயின. இதற்கென ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு சிறு புத்தகம் இருந்தது. பிறந்த தேதி, அங்க அடையாளம், மதிப்பெண்கள் எல்லாம் அதில் எழுதப்பட்டன. வேலை கேட்டுச் செல்பவர் முதலில் எடுத்து நீட்டியது இந்த 'எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம்'தான்.

1930களின் பிற்பகுதியிலிருந்து உயர்நிலைப் பள்ளிகளில் பிற பாடங்கள் படிப்படியாகத் தமிழுக்கு மாறின. இது பெரிய மாற்றம். முன்பு நாள் முழுவதும் ஆங்கிலத்தில் புழங்கிய மாணவர், இப்போது ஒரு பாடவேளையில் மட்டும் அதைச் சந்தித்தார். ஆனால் ஆங்கிலப் பாடத்தின் இலக்கியத் தன்மை உடனே மாறவில்லை. குறைந்த நேரத்தில் கடினமான பாடம் என்ற நிலை ஏற்பட்டதால், மனப்பாடம் மேலும் வலுப்பெற்றது.

இலக்கணப் பயிற்சி

ஆங்கில இலக்கணத்தை விதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு விதிக்கும் பயிற்சி கொடுக்கும் முறையை இந்தியாவில் பரப்பியவர்களுள் ஜே.சி. நெஸ்ஃபீல்டு குறிப்பிடத்தக்கவர். வட இந்தியாவில் கல்வித்துறையில் பணியாற்றிய அவருடைய இலக்கண நூல்கள் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வெளியாகி, பல தலைமுறைகளுக்குப் பயன்பட்டன. அடுத்து வந்தது 'ரென் அண்டு மார்ட்டின்'. பி.சி. ரென், எச். மார்ட்டின் இருவரும் எழுதிய இந்நூல் 1935இல் வெளியானது. ரென், பம்பாய் மாகாணத்தில் கல்விப் பணியில் இருந்தவர். நாவலாசிரியராகவும் புகழ் பெற்றவர். பின்னாளில் என்.டி.வி. பிரசாத ராவ் திருத்திய பதிப்பாக இந்நூல் இன்றும் விற்பனையாகிறது.

வாக்கிய மாற்றம் இந்நூல்களின் உயிர்நாடி. செய்வினையைச் செயப்பாட்டு வினையாக்குதல், நேர்கூற்றை அயற்கூற்றாக்குதல், தனி வாக்கியத்தைக் கலவை வாக்கியமாக்குதல் ஆகியவை தேர்வில் தவறாமல் இடம்பெற்றன. தமிழ் மாணவருக்கு இவை கடினமாக இருப்பதற்கு அவருடைய அறிவுக் குறை காரணமன்று. இரு மொழிகளின் அமைப்பு வேறுபாடே காரணம்.

'நாளை வருகிறேன் என்று அவன் சொன்னான்' என்பது தமிழில் இயல்பான தொடர். 'என்று' என்ற ஒரு சொல், பேசியவரின் சொற்களை அப்படியே தாங்கிக்கொள்கிறது. ஆங்கில அயற்கூற்றில் 'நான்' என்பது 'அவன்' ஆக வேண்டும். காலம் இறந்தகாலத்துக்கு நகர வேண்டும். 'டுமாரோ' என்பது 'தி நெக்ஸ்ட் டே' ஆக வேண்டும். ஒரே தொடரில் மூன்று மாற்றங்கள். அதுபோலவே 'ஏ', 'ஆன்', 'தி' என்ற சுட்டிடைச் சொற்களுக்குத் தமிழில் நேர் இணை இல்லை. தமிழில் பெயருக்குப் பின்னால் வரும் வேற்றுமை உருபின் வேலையை, ஆங்கிலத்தில் பெயருக்கு முன்னால் வரும் 'இன்', 'ஆன்', 'அட்' போன்ற சொற்கள் செய்கின்றன. செயப்பாட்டு வினை தமிழ்ப் பேச்சில் அரிது. இந்த வேறுபாடுகளை ஒப்பிட்டுக் காட்டிய ஆசிரியரிடம் படித்தவர்களுக்கு இலக்கணம் விளங்கியது. விதியை மட்டும் கேட்டவர்கள் விதியை ஒப்பித்தார்கள். புதிய வாக்கியம் வந்தால் தடுமாறினார்கள்.

சொற்களஞ்சியம்

எந்தச் சொற்களைக் கற்பிப்பது என்ற கேள்வியை முறையாக எழுப்பியவர் மைக்கேல் வெஸ்ட். டாக்காவில் கல்விப் பணியாற்றிய அவர், வங்காள மாணவர்கள் ஆண்டுக்கணக்கில் படித்தும் ஒரு நூலைத் தாமாகப் படிக்க இயலாதிருப்பதைக் கண்டார். அடிக்கடி வரும் சொற்களை முதலில் கற்பித்து, அச்சொற்களாலேயே கதைகளை எழுதித் தர வேண்டும் என்றார். அவர் தொகுத்து 1953இல் வெளியிட்ட பொதுச் சொற்பட்டியலில் ஏறத்தாழ 2000 அடிப்படைச் சொற்கள் உள்ளன. எளிய மொழியில் சுருக்கப்பட்ட கதைகளைத் துணைப்பாடமாகப் படிக்கும் வழக்கத்துக்கு இத்தகைய முயற்சிகள் வலுச் சேர்த்தன.

தேர்வோ சொல்லை வேறு விதமாகப் பார்த்தது. ஒரு சொல்லுக்கு ஒரு பொருள், ஓர் எதிர்ச்சொல் என்று கேட்பது திருத்துவதற்கு எளிது. ஆகவே பாடத்தின் இறுதியில் உள்ள பட்டியலை மனப்பாடம் செய்வதே சொற்பயிற்சி என்றாகிவிட்டது. வாக்கியத்தில் வைத்துப் பயன்படுத்தாத சொல் தேர்வு முடிந்ததும் மறந்துபோவது இயல்பே.

சீர்திருத்த முயற்சிகள்

விடுதலைக்குப் பின் 1950களில் வாக்கிய அமைப்புகளை எளிதிலிருந்து அரியதற்கு வரிசைப்படுத்திக் கற்பிக்கும் முறை சென்னை மாநிலத்தில் புகுத்தப்பட்டது. 1958இல் ஐதராபாத்தில் மத்திய ஆங்கில நிறுவனம் தொடங்கப்பட்டது. 1959இல் சென்னை மாநிலத்தில் ஆசிரியர்களுக்கான பெரும் பயிற்சி இயக்கம் ஒன்று நடந்தது. பயிற்சி பெற்றவர்கள் பிறருக்குப் பயிற்சி தர, அவர்கள் மேலும் பலருக்குத் தரும் திட்டம் அது. உருளும்போது பெரிதாகும் பனிப்பந்தின் பெயரால் அது அறியப்பட்டது. ஒவ்வொரு படியிலும் கருத்து நீர்த்துப்போகும் என்ற இடரும் அதில் இருந்தது.

1979 முதல் 1984 வரை என்.எஸ். பிரபு தென்னிந்தியப் பள்ளிகளில் நடத்திய திட்டம் வேறு திசையில் சென்றது. பெங்களூர்த் திட்டம் என்று பெயர் பெற்றாலும் சென்னைப் பள்ளிகளும் அதில் பங்கேற்றன. இரயில் கால அட்டவணை, வரைபடம் போன்றவற்றைக் கொடுத்து, அவற்றிலுள்ள சிக்கல்களை ஆங்கிலத்தில் தீர்க்கச் செய்தனர். கவனம் பொருளில் இருக்கும்போதே இலக்கணம் உள்ளே படியும் என்பது பிரபுவின் கொள்கை. உலக அளவில் பேசப்பட்ட இம்முயற்சி, இங்குள்ள பொதுத்தேர்வை உடனே மாற்றிவிடவில்லை.

இருமொழிக் கொள்கைக்குப் பின்

1968 ஜனவரியில் தமிழகச் சட்டமன்றம் இருமொழிக் கொள்கையை ஏற்றது. தமிழும் ஆங்கிலமும் போதும் என்ற அம்முடிவால் ஆங்கிலத்தின் இடம் உறுதியானது. 1978இல் 10+2 முறை வந்தபோது, பதினோராம் வகுப்பில் இருந்த எஸ்.எஸ்.எல்.சி. பத்தாம் வகுப்புக்கு வந்தது. மாநிலப் பாடத்திட்டமும் மெட்ரிகுலேஷன் பாடத்திட்டமும் நெடுங்காலம் தனித்தனியே இயங்கின. 2010ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி சமச்சீர்க் கல்வி வந்தது. உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பின் 2011இல் பத்தாம் வகுப்புக்கும் பொதுப் பாடநூல் கிடைத்தது. தமிழ்வழி மாணவரும் ஆங்கிலவழி மாணவரும் ஒரே ஆங்கில வினாத்தாளை எழுதும் நிலை உண்டானது.

ஆங்கிலம் நெடுநாள் இரண்டு தாள்களாக இருந்தது. முதல் தாளில் செய்யுள், உரைநடை, சொல், இலக்கணம். இரண்டாம் தாளில் துணைப்பாடமும் மொழித்திறனும். 2019இல் இரு தாள்களும் ஒன்றாக்கப்பட்டன. பெருந்தொற்றால் 2020, 2021 ஆண்டுகளில் பொதுத்தேர்வு நடக்கவில்லை. ஆகவே புதிய அமைப்பில் மாணவர் உண்மையில் தேர்வு எழுதியது 2022இல்தான்.

இந்த ஒற்றைத் தாளுக்கு 100 மதிப்பெண்; தேர்ச்சிக்கு 35. ஒரு மதிப்பெண் வினாக்கள் 14. அவற்றில் இணைச்சொல், எதிர்ச்சொல், பன்மை, முன்னொட்டு, பின்னொட்டு, சுருக்கக் குறியீடு, கூட்டுச்சொல் போன்றவை இடம்பெறுகின்றன. இரண்டு மதிப்பெண் வினாக்களுக்கு 20, ஐந்து மதிப்பெண் வினாக்களுக்கு 50, எட்டு மதிப்பெண் வினாக்களுக்கு 16. மனப்பாடச் செய்யுள் தொடர்கிறது. நூறாண்டுக்கு முந்தைய செய்வினை, செயப்பாட்டு வினை மாற்றமும் தொடர்கிறது. வரைபடம் பார்த்து வழி சொல்லுதல், படத்தைப் பார்த்து எழுதுதல் ஆகியவை பிற்காலத்தில் சேர்ந்தவை.

மாறியதும் மாறாததும்

நெஸ்ஃபீல்டின் இலக்கணம், மைக்கேல் வெஸ்டின் சொற்கணக்கு, மெட்ரிகுலேஷன் காலத்து இலக்கியம், பிரபுவின் திட்டத்தை நினைவூட்டும் வரைபட வினா ஆகிய அனைத்தும் இன்று ஒரே வினாத்தாளில் அருகருகே அமர்ந்திருக்கின்றன. கேட்டலும் பேசுதலும் மட்டும் அந்தத் தாளில் இல்லை. மூன்று மணி நேரம் ஆங்கிலத்தில் எழுதித் தேறிய மாணவர், கல்லூரியின் முதல் நாளில் ஆங்கிலத்தில் பேசத் தயங்குவதற்கு இதுவும் ஒரு காரணம். வீட்டில் ஆங்கிலம் கேளாத, முதல் தலைமுறையாகப் பள்ளிக்கு வந்த பிள்ளைக்கு இந்தத் தாள் வெறும் பாடமாக இருப்பதில்லை. மேற்படிப்புக்கும் வேலைக்கும் இடையில் நிற்கும் வாயிலாகவே இருக்கிறது.

2019இல் வெளிவந்த பத்தாம் வகுப்பு ஆங்கிலப் பாடநூலில் அல்போன்ஸ் தோதே எழுதிய 'கடைசிப் பாடம்' என்ற பிரெஞ்சுக் கதை இடம்பெற்றுள்ளது. போரில் தோற்ற அல்சாஸ் பகுதியில் பிரெஞ்சு மொழி நிறுத்தப்படும் நாளன்று, ஒரு சிறுவன் தன் தாய்மொழியைச் சரியாகக் கற்காமல் போனதற்காக வருந்துவதே கதை. தாய்மொழியின் அருமையைச் சொல்லும் கதையைத் தமிழ் மாணவர் ஆங்கிலத்தில் படித்து, ஆங்கிலத்தில் விடை எழுதுகிறார். மெக்காலே எழுதிய குறிப்பில் தொடங்கிய பயணம் இன்று வந்து நிற்கும் இடம் இது.