கட்டாத வீட்டுக்கு மதிப்பெண்: இங்கிலாந்தில் வீட்டு ஆற்றல் மதிப்பீட்டின் வரலாறு

இங்கிலாந்தில் புதிய வீடு ஒன்றைக் கட்டுபவர், வேலை தொடங்குவதற்கு முந்தைய நாளுக்குள் ஒரு கணக்கை ஒப்படைத்தாக வேண்டும். அந்த வீட்டைச் சூடாக்கவும் வெந்நீருக்கும் விளக்குக்கும் ஓராண்டில் எவ்வளவு ஆற்றல் செலவாகும், அதனால் எவ்வளவு கரியமில வாயு வெளியேறும் என்பதே அந்தக் கணக்கு. உள்ளாட்சியின் கட்டட ஒழுங்குமுறைப் பிரிவோ அங்கீகாரம் பெற்ற தனியார் ஆய்வாளரோ அதைப் பெற்றுக்கொள்வர். வரைபடத்தையும் பொருள்களின் பட்டியலையும் மட்டுமே வைத்துச் செய்யப்படும் இது வடிவமைப்புநிலை ஆற்றல் மதிப்பீடு எனப்படுகிறது. வீடு முடிந்தபின் இதே கணக்கு மீண்டும் ஒருமுறை செய்யப்படும்.

வெயிலைத் தடுப்பதே கவலையாக இருக்கும் நாட்டவருக்கு இது சற்று விந்தையாகத் தோன்றலாம். பிரித்தானிய வீட்டின் கவலை நேர் எதிரானது. ஆண்டில் பாதிக்கும் மேல் வீட்டைச் சூடாக்க வேண்டியிருப்பதால், உள்ளிருக்கும் வெப்பம் சுவர், கூரை, தரை, சன்னல், இடுக்கு வழியே வெளியேறுவதே அங்கு பெருஞ்செலவு.

அட்டவணைக் காலம்

தொடக்கத்தில் வீடு முழுவதற்குமான கணக்கு கிடையாது. 1965ஆம் ஆண்டுக் கட்டட விதிகள் சுவருக்கு ஓர் எண், கூரைக்கு ஓர் எண் என்று வரம்பு வைத்தன. அந்த எண்ணுக்கு யூ மதிப்பு என்று பெயர். உள்ளும் புறமும் ஒரு பாகை வெப்பநிலை வேறுபாடு இருக்கும்போது ஒரு சதுர மீட்டர் பரப்பின் வழியே எத்தனை வாட் வெப்பம் கடக்கிறது என்பதை அது காட்டும். எண் குறைந்தால் காப்பு கூடியது என்று பொருள். 1965இல் சுவருக்கான வரம்பு 1.7. நடுவே காற்றிடைவெளி விட்ட சாதாரணச் செங்கற்சுவரே இதைத் தாண்டிவிடும். குடியிருப்போரின் நலமும் சுவரில் ஈரம் படியாமையும்தான் அன்றைய நோக்கம். எரிபொருளைச் சேமிப்பது யாருடைய கவலையாகவும் இருக்கவில்லை.

1973இன் எண்ணெய் நெருக்கடி இதை மாற்றியது. எழுபதுகளின் நடுவில் சுவரின் வரம்பு 1.0 ஆனது, 1982இல் 0.6, 1990இல் 0.45. எண்கள் இறங்கினாலும் முறை மாறவில்லை. நல்ல கொதிகலன் பொருத்தியவருக்கோ, தெற்கு நோக்கிச் சன்னல் வைத்தவருக்கோ அட்டவணையில் எந்தப் பலனும் இல்லை.

வீட்டை முழுமையாகப் பார்க்கும் எண்ணத்துக்கு வழிகாட்டியது மில்டன் கீன்ஸ் என்னும் புதுநகரம். அங்கு 1986இல் 'எனர்ஜி வேர்ல்டு' என்ற கண்காட்சி நடந்தது. காட்சிக்கு வைக்கப்பட்டவை பொம்மை வீடுகள் அல்ல, பின்னர் மக்கள் குடியேறிய 51 உண்மையான வீடுகள். அவற்றை ஒன்றோடொன்று ஒப்பிட ஆற்றல் செலவுக் குறியீடு ஒன்று உருவாக்கப்பட்டது. அதிலிருந்து வளர்ந்து 1990இல் வெளிவந்ததுதான் தேசிய வீட்டு ஆற்றல் மதிப்பீடு. அது வீட்டுக்குப் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டது. சேர்வதும் சேராததும் அவரவர் விருப்பம்.

எஸ்ஏபி

அரசுக்குத் தன் கையில் ஒரு முறை தேவைப்பட்டது. வாட்ஃபோர்டு அருகே கார்ஸ்டனில் இருந்த கட்டட ஆராய்ச்சி நிறுவனம், தன்னிடம் ஏற்கெனவே இருந்த கணிப்பு மாதிரியைச் சுருக்கி, 1992இல் 'செந்தர மதிப்பீட்டு நடைமுறை' என்பதைச் சுற்றுச்சூழல் துறைக்காக உருவாக்கியது. ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைக் கொண்டு இது எஸ்ஏபி என்று வழங்குகிறது. எண்ணிட்ட கட்டங்களை வரிசையாக நிரப்பிக்கொண்டே போகும் ஒரு பணித்தாள்தான் அதன் உடல். பொறுமையும் கைக்கணிப்பானும் இருந்தால் கணினி இல்லாமலேயே செய்துவிடலாம்.

இந்தக் கணக்கில் குடியிருப்பவர் யாரென்பது பொருட்டல்ல. தரைப்பரப்பைக் கொண்டே ஆள் எண்ணிக்கை கருதிக்கொள்ளப்படும்; வரவேற்பறை 21 பாகை என்று வைத்துக்கொள்ளப்படும். வீடு ஸ்காட்லாந்தின் வடகோடியில் இருந்தாலும் கார்ன்வால் கடற்கரையில் இருந்தாலும் மதிப்பெண் ஒன்றே. இதைக் குறை என்று பலர் சொல்வதுண்டு. ஆனால் ஒப்பிடுவதற்காகவே செய்த கருவி வேறெப்படியும் இருக்க முடியாது. சிக்கல் தொடங்கியது, ஒப்பிடும் எண்ணை நாளைய எரிவாயு ரசீதாக எல்லாரும் படிக்கத் தொடங்கியபோதுதான்.

1995 ஜூலை முதல் இங்கிலாந்திலும் வேல்சிலும் ஒவ்வொரு புதிய வீட்டுக்கும் எஸ்ஏபி மதிப்பெண் கணக்கிட்டுத் தெரிவிப்பது கட்டாயமானது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. கணக்கிடுவது கட்டாயம், தேறுவது கட்டாயமில்லை. பரப்புக்கேற்ப 80 முதல் 85 வரை எடுத்தால் விதியின் வெப்பக்காப்புப் பகுதியை நிறைவேற்றியதாகக் கொள்ளப்படும் என்று ஒரு வழி மட்டும் திறந்துவிடப்பட்டது. பழைய அட்டவணை வழியும் அப்படியே இருந்தது. பின்னர் மதிப்பெண்ணை வீட்டில் கண்ணில் படும் இடத்தில் ஒட்டிவைக்க வேண்டும் என்ற விதியும் வந்தது.

தொடக்கத்துக்கு முந்தைய நாள்

2006இல் அட்டவணை வழி மூடப்பட்டது. கரியமில வாயுவின் அளவே ஒரே தேர்வாயிற்று. கட்டப்போகும் வீட்டைப் போன்றே அளவும் வடிவமும் உள்ள கற்பனை வீடு ஒன்று கணக்கில் எழுப்பப்படும். அதன் சுவரும் சன்னலும் கொதிகலனும் அரசு குறித்த தரத்தில் இருக்கும். அந்தக் கற்பனை வீட்டின் வெளியீட்டிலிருந்து இலக்கு வரையறுக்கப்படும். உண்மை வீட்டின் வெளியீடு அந்த இலக்கைத் தாண்டக் கூடாது. வீடுகளில் காற்றுக்கசிவுச் சோதனையும் அப்போதுதான் நுழைந்தது. ஆனால் எல்லா வீட்டிலும் அல்ல, மாதிரிக்குச் சிலவற்றில்.

2006 விதிப்படி கணக்கை வீடு முடிந்தபின் கொடுத்தால் போதும். முடிந்த வீடு தேறாவிட்டால் என்ன செய்வது? சுவரை இடிக்க முடியாது. கூரையில் ஒரு சூரியத்தகடு வைத்து எண்ணைச் சரிக்கட்டலாம்; இல்லையென்றால் அதிகாரி கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். 2010 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த திருத்தம் இதற்காகவே கணக்கை முன்னே கொண்டுவந்தது. தொடங்குவதற்கு முந்தைய நாளுக்குள் ஒரு கணக்கு, முடிந்து 5 நாள்களுக்குள் இன்னொன்று. முதற்கணக்கோடு எந்தச் சுவருக்கு என்ன காப்பு, எந்தக் கொதிகலன் என்ற பட்டியலும் இணைக்கப்பட வேண்டும். களத்துக்கு வரும் அதிகாரி அந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு எதிரே இருப்பதோடு ஒத்துப்பார்க்கலாம் என்பது நோக்கம்.

நல்ல ஏற்பாடுதான். ஆனால் மதிப்பீட்டாளருக்குக் கூலி கொடுப்பவர் கட்டுபவர். மதிப்பீட்டாளர் களத்துக்குப் போகவேண்டும் என்று விதி இல்லை. முடிந்தபின் செய்யும் கணக்கும் பெரும்பாலும் முதற்கணக்கின் தாளிலேயே கசிவுச் சோதனையின் எண்ணைச் சேர்த்து அச்சிடுவதாக ஆகிவிட்டது.

பொதுச்சுவர்

இந்த வரலாற்றில் மிகவும் கவனிக்கத்தக்க பகுதி ஒரு சுவரைப் பற்றியது. மான்செஸ்டருக்குத் தெற்கே ஆல்ட்ரிங்கம் ஊரையொட்டி, நேஷனல் டிரஸ்ட் அமைப்பின் நிலத்தில் ஸ்டாம்ஃபோர்டு புரூக் என்ற குடியிருப்பு எழுந்தது. ஏறத்தாழ 700 வீடுகள். அன்றைய விதியைவிடக் கூடுதல் காப்போடு கட்டவேண்டும் என்பது ஒப்பந்தம். லீட்ஸ் மெட்ரோபாலிட்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தொடக்கம் முதல் அங்கே இருந்தனர். முடிந்த வீடுகளில் சிலவற்றை ஆளில்லாமல் பூட்டி, மின்சூடேற்றிகளும் விசிறிகளும் வைத்து வாரக்கணக்கில் 25 பாகையிலேயே நிறுத்தி, எவ்வளவு மின்சாரம் செலவாகிறது என்று அளந்தனர். வெளியேறும் வெப்பம் கணக்கிட்டதைப் போல் ஒன்றரை மடங்கைத் தாண்டியிருந்தது.

காப்பைச் சரியாகப் பொருத்தாதது ஒரு பகுதிக் காரணம். எஞ்சிய பெரும்பகுதிக்குக் காரணம் யாரும் சந்தேகப்படாத இடத்தில் கிடைத்தது. வரிசை வீடுகளில் இரண்டு வீட்டுக்கு நடுவே இருக்கும் பொதுச்சுவருக்குக் கணக்கில் யூ மதிப்பு சுழியம். காரணம் எளிது: இந்தப் பக்கமும் சூடு, அந்தப் பக்கமும் சூடு, வெப்பம் எங்கே போகும்? ஆனால் ஓசை கடக்காமல் இருக்க அந்தச் சுவரை இரண்டு தனிச்சுவர்களாக எழுப்பி நடுவே இடைவெளி விட்டிருந்தனர். அந்த இடைவெளியின் ஓரங்கள் வழியே குளிர்காற்று உள்ளே வந்தது. இரண்டு வீடுகளும் சேர்ந்து அதைச் சூடாக்கின. சூடான காற்று புகைபோக்கியில் ஏறுவதுபோல் ஏறிக் கூரையடிக்குப் போய் வெளியேறியது. வெப்பம் பக்கத்து வீட்டுக்குப் போகவில்லை, இரண்டு வீட்டிலிருந்தும் வானத்துக்குப் போனது. இடைவெளியின் தலைப்பகுதியை அடைத்ததும் இழப்பு வெகுவாகக் குறைந்தது. கனிமப் பஞ்சால் நிரப்பினால் இன்னும் குறையும்.

இதைவிட வியப்பு, இது புதிய கண்டுபிடிப்பே அல்ல என்பது. அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் ட்வின் ரிவர்ஸ் என்ற குடியிருப்பில் பிரின்ஸ்டன் ஆய்வாளர்கள் எழுபதுகளிலேயே பொதுச்சுவரின் உட்புழை வழியே வெப்பம் பரணுக்கு ஏறுவதைக் கண்டு எழுதியிருந்தனர். முப்பது ஆண்டுக்காலம் அந்தச் செய்தி பிரித்தானியப் பணித்தாளின் கட்டத்துக்குள் வந்து சேரவில்லை.

2010 விதிகள் அந்தச் சுழியத்தை எடுத்துவிட்டன. நிரப்பாமலும் ஓரம் அடைக்காமலும் விட்ட பொதுச்சுவருக்கு 0.5 என்று கொள்ள வேண்டும். ஓரம் மட்டும் அடைத்திருந்தால் 0.2, நிரப்பி, ஓரமும் அடைத்தால் மட்டுமே சுழியம். 2002 விதிகளின் அட்டவணையில் வெளிச்சுவருக்கான வரம்பே 0.35தான். ஆக, அடைக்காத பொதுச்சுவர் ஒரு சதுர மீட்டருக்கு வெளிச்சுவரைவிடக் கூடுதலாக வெப்பத்தை இழந்தது. அதற்கு முன் இப்படிக் கட்டப்பட்ட வரிசை வீடுகள் எல்லாம் தாளில் தேறியவை. அந்த வீடுகளில் குடியிருந்தோர் குளிர்காலந்தோறும் ரசீதில் வித்தியாசத்தைக் கட்டினர். பக்கத்து வீட்டோடு சேரும் சுவர்தான் காரணம் என்று அவர்கள் எப்படி ஊகித்திருக்க முடியும்?

மாறிய எண்

சுவர் மாறாமலேயே மதிப்பீடு மாறிய கதையும் உண்டு. ஒரு கிலோவாட் மணி மின்சாரத்துக்கு எத்தனை கிலோ கரியமில வாயு என்ற எண் எஸ்ஏபியின் அட்டவணையில் உண்டு. 2012 பதிப்பில் அது 0.519. நிலக்கரி மின்நிலையங்கள் மூடப்பட்டுக் கடற்காற்றாலைகள் பெருகியபின், 2022இல் நடைமுறைக்கு வந்த பதிப்பில் 0.136. எரிவாயுவின் எண்ணோ 0.216இலிருந்து 0.210 ஆனது, அவ்வளவே.

ஆண்டுக்கு 10,000 கிலோவாட் மணி வெப்பம் தேவைப்படும் வீட்டை எடுத்துக்கொள்வோம். 90 விழுக்காட்டுத் திறனுள்ள எரிவாயுக் கொதிகலனுக்குப் பழைய எண்ணில் 2,400 கிலோ, புதிய எண்ணில் 2,333. ஒரு பங்கு மின்சாரத்துக்கு இரண்டரைப் பங்கு வெப்பம் தரும் வெப்பப் பம்புக்குப் பழைய எண்ணில் 2,076 கிலோ, புதிய எண்ணில் 544. முன்பு கிட்டத்தட்டச் சமமாக நின்ற இரண்டில் ஒன்று திடீரென நான்கிலொரு பங்குக்கு இறங்கிவிட்டது. அரசியல் மேடைகளில் ஆண்டுக்கணக்கில் விவாதித்தும் நடக்காத மாற்றத்தை அட்டவணையின் ஒரு வரி எளிதாக்கியது.

அரசியல் மேடையின் கதை வேறு. 2016 முதல் எல்லாப் புதிய வீடுகளும் கரிம வெளியீடற்றவையாக இருக்கும் என்று 2006 டிசம்பரில் அறிவிக்கப்பட்டது. 2015 ஜூலையில், கெடுவுக்குச் சில மாதங்கள் இருக்கையில், அந்தத் திட்டம் கைவிடப்பட்டது.

2022க்குப் பின்

2022 ஜூனில் நடைமுறைக்கு வந்த விதிகள் 2013இன் தரத்தைவிட 31 விழுக்காடு குறைவான வெளியீட்டைக் கேட்கின்றன. ஒவ்வொரு வீட்டிலும் காற்றுக்கசிவுச் சோதனை செய்ய வேண்டும். அடித்தளம், சுவர், கூரை, சன்னலோரம் ஆகியவற்றில் காப்பு மூடப்படுவதற்கு முன் இடமும் நேரமும் பதிந்த ஒளிப்படங்கள் எடுக்க வேண்டும். அவை மதிப்பீட்டாளருக்கும் ஒழுங்குமுறைப் பிரிவுக்கும் போகும். வீட்டை வாங்குபவரும் அவற்றைப் பெறலாம். பூச்சுக்குப் பின்னால் பஞ்சு இருந்ததா என்ற கேள்விக்கு முதன்முறையாக ஒரு சான்று.

எஸ்ஏபிக்குப் பதிலாக 'ஹோம் எனர்ஜி மாடல்' என்ற புதிய மாதிரியை அரசு 2023 டிசம்பரில் கலந்தாய்வுக்கு வைத்தது. பழையது மாதக்கணக்கில் பார்த்ததை இது அரைமணிக்கொருமுறை பார்க்கிறது. ஆயினும் முடிந்த வீட்டில் கருவி வைத்து அளக்கும்படி 2022 விதிகள் கேட்பவை காற்றுக்கசிவும் காற்றோட்ட விசிறிகளின் வேகமும்தான். ஸ்டாம்ஃபோர்டு புரூக்கில் செய்ததுபோல் வீட்டைப் பூட்டிச் சூடாக்கி அளப்பதற்கு வாரக்கணக்கு ஆகும்; அதை அவை கேட்கவில்லை.