சபையில் ஒருத்தி: தனித்து நின்ற நடிகைகளும் பார்த்திருந்தவர்களும்

நூற்றாண்டு மலருக்கு ஒரு வரலாற்றுக் கட்டுரை வேண்டும் என்று சங்கத்தார் கேட்டார்கள். எமது அதிபர்களின் வரலாற்றையும் கட்டடங்களின் வரலாற்றையும் என்னைவிட நன்கு அறிந்த அக்காமார் பலர் இருக்கிறார்கள். எனக்கு நெருக்கமானது பாடசாலை மண்டபத்தின் மேடை. ஆகவே மேடையில் தனித்து நின்ற சில பெண்களைப் பற்றியும், அவர்களைப் பார்த்திருந்தவர்கள் என்ன செய்தார்கள் என்பதைப் பற்றியும் எழுதுகிறேன்.

1990களின் நடுப்பகுதியில், எனக்குப் பதினைந்து வயதிருக்கும்போது, தமிழ் டீச்சர் என்னைத் தனிநடிப்புக்குப் பழக்கினார். பாத்திரம் பாஞ்சாலி. அம்மாவின் சிவப்புச் சேலையை உடுத்தி, விடுதித் தோழிகள் பின்னலை அவிழ்த்துவிட, மண்டபத்தில் நின்று நியாயம் கேட்டேன். நல்ல கைதட்டல். அந்த ஆண்டு மாரியம்மன் திருவிழாவுக்கு மடுல்சீமைக்குப் போனபோது, எங்கள் தோட்டத்துக் கோவில் முன்றலிலும் அதையே நடித்துக் காட்டச் சொன்னார்கள். அங்கே யாரும் கைதட்டவில்லை. முன்னால் அமர்ந்திருந்த பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு இருந்தார்கள்.

முடிந்த பிறகு கொழுந்தெடுக்கும் அக்கா ஒருவர் வந்து என் கையைப் பிடித்தார். "நீ கத்துன மாதிரித்தான் கண்ணு நானும் ராத்திரியில கத்துனேன். பக்கத்துக் காம்பிராவுல எல்லாரும் முழிச்சுத்தான் இருந்தாங்க" என்றார். எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. தலையை ஆட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன். அடுத்த விடுமுறைக்கு வந்தபோது அவர் வேறு தோட்டத்துக்குப் போயிருந்தார்.

எங்கள் தோட்டங்களில் பெண்ணின் அழுகை மேடைக்குப் புதிதல்ல. மாசி மாதத்துக் காமன் கூத்தில் சிவனின் நெற்றிக்கண்ணால் மதன் எரிந்துபோக, ரதி புலம்புவாள். அந்தப் புலம்பலுக்கு லயமே அழும். ஆனால் ரதியாக ஆடுபவர் ஆண். பெண் வேடத்தை ஆண்கள் கட்டுவதே கூத்து மரபு. தமிழ்நாட்டின் வட மாவட்டங்களில், திரௌபதி அம்மன் கோவில்களில் நடக்கும் தெருக்கூத்திலும் அப்படித்தான். அங்கே துகிலுரியும் காட்சிக்கு முன் துச்சாதனன் வேடக்காரர் கற்பூரம் ஏற்றி, திரௌபதியாக நிற்பவரை வணங்கிய பிறகே சேலையில் கைவைப்பார். பார்ப்பவர்களும் கைகூப்புவார்கள். அந்த நேரத்தில் அவர்கள் முன் நிற்பது நடிகரல்ல, அம்மன்.

இந்த மரியாதை பெரிது. ஆனால் கும்பிட்டுவிட்டால் அதற்குமேல் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை என்ற நிம்மதியும் அதற்குள் இருக்கிறது. அம்மனைக் காப்பாற்ற ஆடை வளர்ந்துகொண்டே வரும். காம்பிராவில் அடிபடும் பெண்ணுக்கு அப்படி எதுவும் வளர்வதில்லை.

திரௌபதியை அம்மனாக அல்லாமல் மனுஷியாக, ஒரு பெண் தனியாக நின்று நடித்தபோது என்ன நடந்தது? அதற்கு வங்காளத்துக்குப் போக வேண்டும். கல்கத்தாவின் பெரும் நடிகை திருப்தி மித்ரா 1970களின் தொடக்கத்தில் 'அபராஜிதா' என்ற நாடகத்தைத் தனியொருவராக நடித்தார். அவருடைய மகள் ஷாவ்லி மித்ரா 1983இல் 'நாதவதி அநாதவத்' என்ற நாடகத்தைத் தாமே எழுதி மேடையேற்றினார். நாதன் உள்ளவள், ஆனால் நாதியற்றவள் போன்றவள் என்பது அந்தத் தலைப்பின் பொருள். ஐந்து கணவன்மார் இருந்தும் சபையில் தனித்து விடப்பட்டவளின் கதை.

ஷாவ்லி திரௌபதியாக வேடம் கட்டி வரவில்லை. ஊரில் கதை சொல்லும் ஒருத்தியாக வந்து, பாட்டும் பேச்சுமாக, துரியோதனனையும் தருமனையும் பீமனையும் திரௌபதியையும் தன் ஒரே உடலில் காட்டினார். மானுடவியலாளர் ஐராவதி கார்வே மகாபாரதத்தைப் பற்றி எழுதிய 'யுகாந்தா' அதற்கு ஒரு தூண்டுதல். நாடகம் ஆண்டுக்கணக்கில் அரங்குகளை நிறைத்தது. அதன் காரணத்தை நான் இப்படி விளங்கிக்கொள்கிறேன்: கதை சொல்பவள் பார்வையாளரைப் பார்த்தே பேசுவாள். மேடையில் வேறு நடிகர் யாரும் இல்லாததால், கேள்வி கேட்கப்படும் சபை நாமேதான். பீஷ்மரின் ஆசனத்தில் நாம் இருக்கிறோம்.

எல்லாச் சபைகளும் இதைப் பொறுத்துக்கொள்வதில்லை. மணிப்பூரில் 2000ஆம் ஆண்டு, ஹெய்ஸ்னாம் கன்ஹைலால் மகாசுவேதா தேவியின் 'திரௌபதி' சிறுகதையை நாடகமாக்கினார். படையினரால் சிதைக்கப்பட்ட பழங்குடிப் பெண் தோப்தியாக, அவருடைய மனைவியும் மணிப்பூரே போற்றிய நடிகையுமான சாபித்ரி நடித்தார். அது தனியாள் நாடகமல்ல. ஆனால் கடைசிக் காட்சியில், தந்த துணியை மறுத்து, வெற்றுடம்போடு அதிகாரியின் முன் அவர் தனியே நிற்கிறார். வெட்கப்பட வேண்டியவள் தான் அல்ல என்பதே அந்த நிலையின் பொருள். அப்போது சாபித்ரிக்கு ஐம்பது வயதைத் தாண்டியிருந்தது. இம்பாலில் கடும் கண்டனம் எழுந்தது. இத்தனை காலம் கொண்டாடிய ஊரே அவரைப் பழித்தது. காட்சிகள் நிறுத்தப்பட்டன.

நான்கு ஆண்டுகள் கழிந்தன. 2004 ஜூலையில் தங்ஜம் மனோரமா என்ற இளம்பெண்ணை அசாம் ரைபிள்ஸ் படையினர் இரவில் வீட்டிலிருந்து கொண்டுபோனார்கள். மறுநாள் அவருடைய உடல் கிடைத்தது. ஜூலை 15ஆம் திகதி, இம்பாலில் அந்தப் படை நிலைகொண்டிருந்த கங்லா கோட்டை வாயிலில், தாய்மார் பன்னிரண்டு பேர் தம் ஆடைகளைக் களைந்து நின்று நியாயம் கேட்டார்கள். மேடையில் ஆபாசம் என்று பழிக்கப்பட்டது தெருவில் நடந்தபோது, மக்கள் அந்த நாடகத்தை வேறு கண்களால் பார்த்தார்கள். அதே ஆண்டின் இறுதியில் படை கங்லாவை விட்டு வெளியேறியது. 2008இல் சாபித்ரிக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. பார்வையாளரின் முதல் எதிர்வினையே கடைசி எதிர்வினை ஆகிவிடாது என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

அண்மைக் காலத்தில் உலகெங்கும் பேசப்பட்ட தனியாள் நாடகம் 'பிரைமா ஃபேஸி'. சட்டத்தரணியாக இருந்த சூசி மில்லர் எழுதி, 2019இல் சிட்னியில் மேடையேறியது. 2022இல் லண்டனில் ஜோடி கோமர் அதைத் தனியாக நடித்தார். வன்முறை வழக்குகளில் குற்றஞ்சாட்டப்பட்டவர்களுக்காக வாதாடி வென்ற ஒரு பெண் சட்டத்தரணி, தானே பாதிக்கப்பட்டுச் சாட்சிக் கூண்டில் ஏறும் கதை. முடிவில், பக்கத்தில் இருப்பவரைத் திரும்பிப் பார்க்கும்படி அவள் சபையைக் கேட்கிறாள். பெண்களில் மூவருக்கு ஒருவர் என்ற கணக்கு அப்போது முகங்களாக மாறுகிறது. அதன் பதிவை நான் ஒரு திரையரங்கில் பார்த்தேன். விளக்குப் போட்ட பிறகும் நெடுநேரம் யாரும் எழுந்திருக்கவில்லை. எனக்கு எங்கள் கோவில் முன்றல் நினைவுக்கு வந்தது. அங்கே மௌனம் கலைந்து வீட்டுக்குப் போனோம். இந்த நாடகத்தின் பதிவோ வட அயர்லாந்தில் நீதிபதிகளின் பயிற்சிவரை போனது.

எனது வேலை வைத்தியம். "படியில விழுந்துட்டேன் டொக்டர்" என்று வரும் பெண்களை வாரந்தோறும் காண்கிறேன். விழுந்த காயம் எப்படியிருக்கும், பிடித்து முறுக்கிய கையின் காயம் எப்படியிருக்கும் என்பதை உடலே சொல்லிவிடும். திரையை இழுத்துவிட்டு, கூட வந்தவரை வெளியே இருக்கச் சொல்லி, மெதுவாகக் கேட்டால் சிலர் சொல்வார்கள். ஒரே ஓர் ஆள் மட்டும் இருக்கும் சபை அது. அந்தச் சபையில் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட முடியாது. ஒவ்வொரு முறையும் அந்தக் கொழுந்து அக்காவுக்குச் சொல்லாமல் விட்ட பதிலைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இன்று நம் நாட்டில் அதற்கு வழிகள் இருக்கின்றன. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை பெறலாம். அரச வைத்தியசாலைகள் பலவற்றில் 'மித்துரு பியச' எனப்படும் நட்பு நிலையம் இருக்கிறது. 1938 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம். பதினைந்து வயதில் இவை எதுவும் எனக்குத் தெரியாது. இன்று எமது பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

கௌரவர் சபையில் எல்லாரும் வாய்மூடி இருக்கவில்லை என்பதையும் மறக்க வேண்டாம். விகர்ணன் என்ற இளையவன் எழுந்து, நடப்பது அநீதி என்றான். அவனை அதட்டி உட்கார வைத்தார்கள். ஆனாலும் அவன் எழுந்தான். நான் நடித்தபோது என் தனிநடிப்பில் விகர்ணன் இல்லை. நேரம் போதாது என்று அந்தப் பகுதியை வெட்டியிருந்தோம்.

எமது மண்டபத்தில் இனியும் பிள்ளைகள் பாஞ்சாலியாக நடிப்பார்கள். தங்கைமாரிடமும் ஆசிரியைமாரிடமும் எனக்கு ஒரே ஒரு வேண்டுகோள். எவ்வளவு நேரம் குறைந்தாலும் விகர்ணனை வெட்டிவிடாதீர்கள்.