தண்ணிக்குள் வெடி வெடித்தால் மீன் ஏன் சாகிறது? எலும்பு மீன்களின் உடம்பில் இருக்கும் காற்றுப் பைதான் காரணம்!

கோடையில் விருதுநகர் மாவட்டத்துக் கண்மாய்களில் தண்ணி முழங்கால் அளவுக்கு இறங்கிவிட்டால் மீன்பிடித் திருவிழா களைகட்டிவிடும். ஊத்தா, கச்சா, வலை என்று கையில் கிடைத்ததோடு மொத்த ஊரும் இறங்கும். எதுவும் கிடைக்காதவர்கள் சேலையை விரித்துக்கொண்டு இறங்குவார்கள். விரால், கெண்டை, கெளுத்தி, அயிரை, ஜிலேபி, கட்லா என்று அன்றைக்கு யார் வீட்டு அடுப்பில் எது வெந்தாலும் அது ‘எலும்பு மீன்’ என்ற ஒரே பெரிய குடும்பத்தைச் சேர்ந்ததுதான்.

இதே மாவட்டத்தில்தான் சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை என்று பட்டாசுத் தொழில் பரவிக் கிடக்கிறது. அதனால் இந்தப் பக்கத்தில் இரண்டு கேள்விகள் அடிக்கடி எழும். தீபாவளிக்குக் கண்மாய்க் கரையில் வெடி போட்டால் மீன் செத்துப்போகுமா? தண்ணிக்குள்ளேயே வெடி வைத்தால் மட்டும் ஏன் கூட்டமாகச் சாகிறது? இரண்டுக்கும் பதில் மீனின் உடம்புக்குள்ளேயே இருக்கிறது.

எலும்பு மீன் என்றால் என்ன?

மீன் சாப்பிடுகிற யாரும் ‘எலும்பு குத்திடுச்சு’ என்று சொல்வதில்லை. முள் குத்திடுச்சு என்றுதான் சொல்வோம். அந்த முள்தான் எலும்பு. மண்டை, நடுமுள், விலா, துடுப்புக் கம்பிகள் எல்லாமே சுண்ணாம்புச் சத்து ஏறிக் கெட்டியான எலும்பாக இருக்கும் மீன்கள்தான் எலும்பு மீன்கள்.

அப்படியில்லாத மீனும் உண்டு. சுறாவும் திருக்கையும் குருத்தெலும்பு மீன்கள். நம் காது மடலைப் பிடித்துப் பார்த்தால் வளைகிறதே, அதே பொருள்தான் அவற்றின் உடம்பு முழுவதையும் தாங்குகிறது. குத்துகிற முள் இல்லாததால்தான் சுறாவை வேகவைத்துக் கையாலேயே உதிர்த்துப் புட்டு செய்துவிட முடிகிறது. கெண்டையில் அது நடக்காது. கெண்டைச் சதைக்குள் நடுமுள்ளோடு ஒட்டாத மெல்லிய, கவை போன்ற முட்கள் தனியாகப் புதைந்திருக்கும். குழந்தைகளுக்குக் கொடுக்கப் பயப்படுவது இதற்குத்தான். விராலில் இந்தச் சதை முள் கிடையாது. அதன் விலைக்கு அதுவும் ஒரு காரணம்.

உலகத்தில் இதுவரை அறியப்பட்ட மீன் இனங்கள் சுமார் 35,000. சுறா, திருக்கை வகையறா 1,200-க்குக் கொஞ்சம் மேல். தாடையே இல்லாத சில பழைய வகைகளைத் தள்ளிவிட்டால் மீதி எல்லாமே எலும்பு மீன்கள். முதுகெலும்புள்ள உயிரினங்களில் ஏறக்குறைய பாதி இவைதான். சீனாவின் யுன்னான் பகுதியில் கிடைத்து 2009-ல் விவரிக்கப்பட்ட ‘குய்யு’ என்ற எலும்பு மீன் புதைபடிவத்தின் வயது சுமார் 42 கோடி ஆண்டுகள்.

செவுள் மூடி: மார்க்கெட்டில் தூக்கிப் பார்ப்போமே, அதுதான்

மீன் வாங்கப் போனால் முதலில் செவுளைத் தூக்கிச் சிவப்பாக இருக்கிறதா என்று பார்ப்போம். நாம் தூக்குகிற அந்த மூடி எலும்பு மீனின் முக்கிய அடையாளம். சுறாவுக்கு மூடி கிடையாது. பக்கவாட்டில் 5 முதல் 7 வரை பிளவுகள் வெளிப்படையாகத் தெரியும்.

செவுள் மூடி ஒரு பம்ப் மாதிரி வேலை செய்கிறது. வாயைத் திறந்து தண்ணியை இழுத்து, மூடியை அசைத்து வெளியே தள்ளும். அதனால் எலும்பு மீன் ஒரே இடத்தில் நின்றபடி மூச்சுவிட முடியும். சுறாக்களில் பல இனங்களுக்கு அந்த வசதி இல்லை, நீந்திக்கொண்டே இருந்தால்தான் செவுளில் தண்ணி பாயும்.

ஆனால் கண்மாய் வற்றும்போது செவுள் மட்டும் போதாது. கலங்கிச் சூடேறிய தண்ணியில் ஆக்சிஜன் குறைந்துவிடும். கெண்டைகள் மேலே வந்து வாயைப் பிளந்து தவிப்பது இதனால்தான். விராலுக்கு அந்தப் பிரச்சினை இல்லை. செவுளுக்கு மேலே தனி அறை ஒன்று இருக்கிறது, தலையை வெளியே நீட்டிக் காற்றை நேரடியாக விழுங்கி அங்கே வைத்து மூச்சுவிடும். தண்ணி வற்றினாலும் ஈரச் சேற்றுக்குள் புதைந்து நாட்களைக் கடத்தும். சந்தையில் அலுமினியப் பாத்திரத்தில் கொஞ்சத் தண்ணியில் உயிரோடு துள்ளுவதும் இதனால்தான். வேடிக்கை என்னவென்றால், விராலை மேலே வரவிடாமல் தண்ணிக்குள்ளேயே அடைத்து வைத்தால் அது மூச்சுமுட்டிச் செத்துவிடும்.

காற்றுப் பை

இப்போது விஷயத்துக்கு வருவோம். எலும்பு மீன்களில் பெரும்பாலானவற்றுக்கு முதுகெலும்புக்குக் கீழே, குடலுக்கு மேலே, வெள்ளையாகப் பளபளவென்று ஒரு பை இருக்கும். மீன் கழுவும்போது ‘டப்’ என்று உடையுமே, அதேதான். உள்ளே இருப்பது வெறும் காற்று. அதைக் கூட்டியும் குறைத்தும் மீன் தான் விரும்பிய ஆழத்தில் துடுப்பை அதிகம் அசைக்காமல் மிதக்கிறது. சுறாவுக்கு இந்தப் பை இல்லை. எண்ணெய் நிறைந்த பெரிய ஈரலை வைத்து ஓரளவு சமாளிக்கிறது.

கெண்டை, கெளுத்திக்கு இந்தப் பை தொண்டைக்குழாயோடு இணைந்திருக்கும், வேண்டாத காற்றை வாய் வழியாக விட்டுவிடலாம். ஜிலேபி, விரால் போன்றவற்றில் பை மூடியே இருக்கும். ரத்தத்தின் வழியாகத்தான் காற்று ஏறவும் இறங்கவும் வேண்டும், அதற்கு நேரம் பிடிக்கும். ஆழ்கடலில் தூண்டிலில் மாட்டும் களவா மீனை வேகமாக இழுத்தால் பை ஊதி, வயிறு வாய் வழியாகப் பிதுங்கி வருவது இதனால்தான்.

கெண்டைக்கும் கெளுத்திக்கும் கூடுதலாக ஒன்று உண்டு. காற்றுப் பையிலிருந்து உள்காது வரை சின்னச் சின்ன எலும்புகள் சங்கிலி மாதிரி கோத்திருக்கும். ஜெர்மனியின் வெபர் 1820-ல் விவரித்ததால் அவர் பெயரிலேயே அழைக்கப்படுகிறது. பையில் விழும் அதிர்வு நேராகக் காதுக்குப் போய்விடும். கரையில் காலடி வைத்தாலே கெண்டை சிதறி ஓடுவது சும்மா இல்லை.

கரையில் வெடித்தால் ஒன்று, தண்ணிக்குள் வெடித்தால் வேறு

காற்றில் வரும் சத்தம் தண்ணியின் மேற்பரப்பில் பட்டதும் அதன் ஆற்றலில் 99 சதவீதத்துக்கும் மேல் திரும்பிவிடும். உள்ளே போவது மிகச் சொற்பம். அதனால் கரையில் சரவெடி வைத்தால் மீன் மிரளலாம், ஆனால் அந்தச் சத்தத்தால் செத்து மிதக்காது. (வெடித்த குப்பையும் மருந்துத் தூளும் கண்மாயில் விழுவது தனிப் பிரச்சினை.)

தண்ணிக்குள் வெடித்தால் கதையே வேறு. காற்றில் வினாடிக்கு 340 மீட்டர் போகும் ஒலி தண்ணியில் சுமார் 1,500 மீட்டர் போகும். மீனின் சதை ஏறக்குறைய தண்ணியின் அடர்த்திதான், அதனால் அதிர்ச்சி அலை சதைக்குள் தடையில்லாமல் பாய்கிறது. காற்றுப் பைக்கு வந்ததும் நிலைமை மாறுகிறது. தண்ணியை நசுக்க முடியாது, காற்றை நசுக்கலாம். பை ஒரு நொடியின் துளி நேரத்தில் நசுங்கி, அடுத்த கணமே பலமாக விரிந்து கிழிகிறது. ஒட்டியிருக்கும் சிறுநீரகமும் ரத்தக் குழாய்களும் சேர்ந்து நைந்துபோகும். வெளியே பார்த்தால் ஒரு காயமும் தெரியாது. காற்றுப் பை இல்லாத மீன்கள் இதே வெடிக்கு அதிகம் தாங்குகின்றன என்பதிலிருந்தே பையின் பங்கு புரிந்துவிடும். சின்ன மீன்களும் குஞ்சுகளும்தான் முதலில் சாகும்.

வெடி வைப்பவருக்கும் முழு லாபம் கிடையாது. பை கிழிந்துவிட்டால் மிதக்கும் சக்தியே போய்விடுகிறது. அதனால் செத்த மீன்களில் நிறைய மேலே வராமல் அடியில் போய் அழுகும். கண்ணுக்குத் தெரிகிற மீனை வைத்துச் சேதத்தைக் கணக்குப் போட்டால் கணக்கு தப்பும்.

சட்டம் என்ன சொல்கிறது?

1897-ம் ஆண்டின் இந்திய மீன்வளச் சட்டத்தின் 4-வது பிரிவு, மீன் பிடிக்கவோ அழிக்கவோ நீர்நிலையில் டைனமைட் அல்லது வேறு வெடிபொருள் பயன்படுத்துவதைக் குற்றம் என்கிறது. அடுத்த பிரிவு விஷம் கலப்பதைத் தடுக்கிறது. அசல் சட்டத்தில் வெடிக்கான தண்டனை 2 மாதம் வரை சிறை அல்லது 200 ரூபாய் வரை அபராதம். இன்றைக்கு ஒரு கிலோ விரால் வாங்கக்கூட அந்த 200 ரூபாய் போதாது.

கண்மாய்க்கு இதில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. மீன் பாசி குத்தகை எடுத்தவர்கள் கட்லா, ரோகு, மிர்கால் குஞ்சுகளைக் காசு கொடுத்து வாங்கி விடுகிறார்கள். இவை ஓடுகிற ஆற்றில் முட்டையிடும் மீன்கள், தேங்கிய கண்மாயில் தானாகப் பெருகாது. குஞ்சு செத்தால் அந்த ஆண்டு முதல் போச்சு. 1952-ல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட ஜிலேபியோ தேங்கிய தண்ணியிலேயே பெருகும், தாய் மீன் முட்டையையும் குஞ்சையும் வாய்க்குள் வைத்தே காப்பாற்றும். விரால் ஜோடி குஞ்சுக் கூட்டத்தைப் பிரியாமல் கூடவே காவல் சுற்றும். தண்ணியில் செம்மஞ்சள் நிறத்தில் பொடிப்பொடியாக ஒரு கூட்டம் தெரிந்தால், அதற்கு அடியில் பெரிய விரால் நிற்கிறது என்று ஊர்ப் பையன்களுக்கே தெரியும். அந்தக் கூட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு வெடி விழுந்தால் ஒரே நேரத்தில் பெரிசும் போகும், அடுத்த வருஷத்து மீனும் போகும்.

இப்படி வெடி வைப்பது தெரியவந்தால் அருகில் உள்ள காவல் நிலையத்திலோ மாவட்ட மீன்வளத்துறை அலுவலகத்திலோ புகார் கொடுக்கலாம். தண்ணிக்குள் வெடிக்காமல் கிடக்கும் பொருளைக் கையால் எடுக்கக் கூடாது.