நஞ்சை மருந்தாக்கிய அளவு



அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பர். அளவுக்குள் நின்றால் நஞ்சும் மருந்தாகும் என்பதற்கு வோபரின் என்னும் மருந்தின் வரலாறு சான்றாகும்.

1920 களில் கனடாவிலும் அமெரிக்காவின் வட மாநிலங்களிலும் மாடுகள் சிறு காயத்தாலும் குருதி வடிந்து மடிந்தன. பூஞ்சணம் பிடித்த இனிப்புக் குளோவர்ப் புல்லே காரணமெனக் கனடாவின் மிருக வைத்தியர் பிராங் ஸ்கோபீல்ட் கண்டார். ஆனால், புல்லில் உறைந்திருந்த நஞ்சு யாதென எவரும் அறியார்.

1933 பெப்ரவரியில் விஸ்கொன்சின் மாநில விவசாயி ஒருவர், இறந்த பசுவொன்றையும், ஒரு பாற்பாத்திரம் நிறைய உறையாத குருதியையும், அப்புல்லையும் ஏற்றிக்கொண்டு, பனிப்புயலினூடே ஏறத்தாழ 190 மைல் கடந்து மடிசன் நகரத்துப் பல்கலைக்கழகத்தை அடைந்தார். அவரைக் கண்ட உயிர் இரசாயன அறிஞர் கார்ல் போல் லிங்க், அப்புல்லைத் தவிர்க்குமாறும், மாடுகளுக்குக் குருதி ஏற்றிப் பார்க்குமாறும் கூறுவதன்றி வேறொன்றும் செய்ய இயலாதவராயிருந்தார். எனினும் அவ்வினாவை அவர் விட்டாரில்லை. 1939 இல் அவரது ஆய்வுகூடத்தில் டைகூமரோல் என்னும் அந்நஞ்சு பிரித்தெடுக்கப்பட்டது. அதன் வழிவந்த வோபரின் 1948 இல் எலிப் பாஷாணமாகவும், 1954 இல் மனிதருக்குரிய மருந்தாகவும் வந்தது. 1955 இல் மாரடைப்புற்ற அமெரிக்க சனாதிபதி ஐசனோவருக்கும் அது கொடுக்கப்பட்டது.

எலியைக் கொல்வதும் மனிதரைக் காப்பதும் ஒரே பொருளே. குறைந்தால் குருதி நாளத்துள் கட்டியாகும். மிகுந்தால் உள்ளே குருதி பெருகும். ஆதலின் அளத்தலே உயிர்நிலை. அமண்ட் குயிக் 1935 இல் வகுத்த சோதனை, குருதி உறையும் நேரத்தைக் கணித்தது. ஆய்வுகூடந்தோறும் வேறுபட்ட விடைகளை ஒப்புநோக்க, 1983 இல் உலக சுகாதார நிறுவனம் பொது அளவுகோலொன்றை விதந்துரைத்தது.

ஆயினும் அச்சோதனை காட்டுவது மருந்தின் விளைவையே. குருதியிலுள்ள மருந்தின் அளவையன்று. இங்கே ஒளி துணைக்கு வருகின்றது. புற ஊதாக் கதிர் பட்டால் வோபரின் மங்கலாக ஒளிரும். சைக்ளோடெக்ஸ்ட்ரின் போன்ற குழிவுடைய மூலக்கூறினுள் அது புகுந்தால் அவ்வொளி மிகும். அம்மிகுதியைக் கொண்டு மருந்தின் அளவை அறியும் ஒளியியல் உணரிகளை ஆய்வாளர் உருவாக்கி வருகின்றனர். வைத்தியசாலைகளில் இன்றும் வழிகாட்டுவது குயிக் வழிவந்த சோதனையே.

ஆகவே, இம்மருந்தை உட்கொள்வோர் குறித்த நாளில் குருதியைச் சோதிப்பது வெறும் சம்பிரதாயமன்று. அப்பொருளை நஞ்சாகாது மருந்தாகவே நிறுத்தி வைப்பது அச்சோதனைதான்.