அமாவாசைக்கு மலையேறியவர்கள்

அமாவாசை ஞாயிற்றுக்கிழமையில் விழுந்துவிட்டால், வத்திராயிருப்பிலிருந்து தாணிப்பாறை போகும் சாலையில் முந்தின நாள் மாலையே வண்டிகள் சேரத் தொடங்கிவிடும். இராஜபாளையத்து மில் தொழிலாளிகள், சிவகாசி அச்சகத்துப் பையன்கள், மதுரைக் கல்லூரி மாணவர்கள் என்று ஐந்தாறு பேர் கொண்ட கூட்டங்கள் வந்து இறங்கும். நேர்த்திக்கடனுக்கு வருபவர்களும் உண்டு, சிநேகிதர்களோடு ஒரு நாள் காட்டில் நடந்தால் போதும் என்று வருபவர்களும் உண்டு. இரு சாராரும் ஏறுவது ஒரே சதுரகிரி மலைப் பாதையில்தான்.

அந்தப் பாதை பக்தர்களுக்காகப் போட்டதாகத் தெரியவில்லை. மாடு மேய்த்தவர்களின் தடமாக இருக்கலாம். வழியில் சின்னப் பசுக்கிடை, பெரிய பசுக்கிடை என்று இரண்டு இடங்கள் இன்றும் இருக்கின்றன. தலபுராணமும் ஓர் இடையரிடம்தான் தொடங்குகிறது. பச்சைமால் என்பவரின் பசுவின் மடியில் வாய் வைத்து ஒரு சித்தர் பால் குடித்தாராம்; பச்சைமால் கம்பால் அடிக்க, அடிபட்டவர் சிவனாக வெளிப்பட்டாராம். மலைக்கோயிலின் சுந்தர மகாலிங்கம் சற்றே சாய்ந்திருப்பதற்கு அந்த அடியைக் காரணமாகச் சொல்கிறார்கள். பதினெட்டுச் சித்தர்களும் மூலிகைகளும் மலையின் புகழைத் தமிழ்நாடு முழுக்கக் கொண்டுபோனது உண்மை. ஆனாலும் இடையர் கதைக்கே இந்த மலையின் வாசம் அதிகம்.

மலை ஒன்று, உரிமை கொண்டாடும் ஊர்கள் பல. நடை தொடங்கும் தாணிப்பாறை விருதுநகர் மாவட்டம்; கோயில் நிற்கும் சாப்டூர் காப்புக்காடு மதுரை மாவட்டம் பேரையூர் வட்டம்; தேனிப் பக்கத்திலிருந்து வருசநாட்டுக்காரர்கள் ஏறிவரும் வழி வேறு.

தாணிப்பாறையிலிருந்து மூன்று நான்கு மணி நேர ஏற்றம். ஓடையைக் கடந்து கல்லும் வேருமாகப் போகும் பாதையில் வழுக்குப்பாறை முதல் சோதனை. சங்கிலிப்பாறையில் ஒரு காலத்தில் இரும்புச் சங்கிலியைப் பிடித்துத்தான் ஏற வேண்டியிருந்தது. கோரக்கர் குகை, இரட்டை லிங்கம், நாவல் ஊற்று, பச்சரிசிப்பாறை தாண்டினால் பிலாவடிக் கருப்பசாமி. வாமதேவன் என்ற வணிகர் சிவனுக்குக் கோயில் கட்டப் பணம் போதாமல் நின்றபோது காலாங்கிநாதர் தைலம் காய்ச்சிப் பொன் செய்து கொடுத்தார், மிஞ்சிய தைலத்தைக் கிணற்றில் விட்டு மூடி இந்தக் கருப்பசாமியைக் காவல் வைத்தார் என்பது கதை. அதன்பின் சுந்தர மகாலிங்கம், சந்தன மகாலிங்கம். கால் இன்னும் தாங்கினால் தவசிப்பாறை.

இவ்வளவு தூரம் ஏறி வந்தவனுக்குச் சோறு வேண்டுமே. அமாவாசை மலையேற்றம் தலைமுறைகளாக நிலைத்ததற்கு மலைமேல் இருந்த மடங்களே பெரிய காரணம். கஞ்சி மடத்தில் சாதி, ஊர் கேட்காமல் கஞ்சி ஊற்றினார்கள். அதற்கான அரிசியும் பருப்பும் அடிவாரத்திலிருந்து ஆட்களின் தலைச்சுமையாகவே மேலே போயின. சாப்பிட்டுவிட்டு அங்கேயே துண்டை விரித்துப் படுத்து, விடிந்ததும் இறங்குவது வழக்கம். மலையேற்றம் என்றால் ஓர் இரவும் சேர்ந்ததுதான்.

அந்த இரவுதான் இப்போது இல்லை. மலையைச் சூழ்ந்த ஸ்ரீவில்லிபுத்தூர் காடுகள் 1988-ல் சாம்பல் நிற அணில்களுக்கான சரணாலயமாயின. 2015 மே மாதம் அமாவாசைக்கு வந்தவர்கள் காட்டாற்றின் திடீர் வெள்ளத்தில் சிக்கிப் பலர் உயிரிழந்தார்கள். மேலே முகட்டில் பெய்யும் மழை கீழே இருப்பவர் கண்ணுக்குத் தெரியாது. ஓடை நிமிடங்களில் ஆறாகிவிடும். அதன் பிறகு கெடுபிடி இறுகியது. பிரதோஷம், அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி மாதத்தில் எட்டு நாள் மட்டும் அனுமதி என்று நெடுநாள் நடந்தது. காலையில் ஏறி இருட்டுவதற்குள் இறங்கிவிட வேண்டும், மழை என்றால் அதுவும் இல்லை. தனியார் மடங்களின் அன்னதானமும் நின்றுபோனது. 2021-ல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை இந்தியாவின் 51-வது புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டது.

கட்டுப்பாடு தேவைதான். பிளாஸ்டிக் குப்பையும் ஆடி அமாவாசை நெரிசலும் ஓடைகளைப் பாழாக்கியதை மறுக்க முடியாது. ஆனால் கூட்டத்தைக் குறைப்பதற்கு இரவை ஒழிப்பது ஒன்றுதான் வழியா? ஜப்பானின் ஃபூஜி மலையும் யாத்திரைக்காரர்கள் ஏறி வளர்த்த மலைதான். அங்கே யோஷிதா பாதையில் 2024-ல் நாளொன்றுக்கு 4,000 பேர் என்று வரம்பு கட்டினார்கள், மாலை நான்கு மணிக்கு வாசலை மூடினார்கள். ஆனால் மலைக்குடிலில் இடம் பதிந்தவர்கள் அதன் பிறகும் போகலாம். எத்தனை பேர், எங்கே படுப்பார்கள் என்பது தெரிந்துவிட்டால் இரவை அனுமதிப்பதில் சிக்கல் குறைவு.

சதுரகிரியிலும் அந்த இரவைக் கேட்டவர்கள் உண்டு. ஏழூர் சாலியர் சமூகத்தார் மலைமேல் உள்ள ஆனந்தவல்லியம்மனுக்கு நவராத்திரி விழா எடுப்பதைப் பரம்பரை உரிமையாகக் கொண்டிருக்கிறார்கள். விழா நாட்களில் மலையில் தங்க அனுமதி கேட்டு நீதிமன்றம் வரை போனார்கள். அவர்களுக்குக் கோயில் என்பது தங்கிச் செய்யும் திருவிழா. ஓடிப்போய்க் கும்பிட்டுத் திரும்பும் இடம் அல்ல.

அடிவாரத்துப் பளியர் பழங்குடியினரின் நிலை இன்னும் கவனிக்கத்தக்கது. தேனும் கிழங்கும் மூலிகையும் எடுத்து இந்தக் காட்டிலேயே வாழ்ந்தவர்கள். வழி தவறியவர்களைத் தேடிக் கூட்டிவந்தவர்கள். ஓடை எப்போது பெருகும் என்பது பாறையின் ஈரத்தையும் காற்றின் மணத்தையும் வைத்தே அவர்களுக்குப் பிடிபடும். வனத்துறை வாசலில் பையைச் சோதிக்க ஆள் நிற்பதைப் போல, ஓடை குறுக்கிடும் ஒவ்வோர் இடத்திலும் கூலிக்கும் மரியாதைக்கும் குறைவில்லாமல் ஒரு பளியரை நிறுத்தினால், ஆடி அமாவாசைக்கு வரும் கூட்டத்துக்கு அதைவிடப் பெரிய பாதுகாப்பு வேறு கிடையாது.